இராணுவம் குறித்த கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

குன்னூரிலிருந்து வெலிங்டன் வழியாக அருவங்காடு செல்லும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இந்தியப் பாதுகாப்புத் துறையின் மூன்று முகங்களைப் பார்த்துவிடலாம். மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் இளைஞர்கள் சிப்பாய்களாகப் பயிற்சி பெறுகிறார்கள். நாட்டுப் பிரிவினையின்போது, 1947இல், குவெட்டாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் நாளைய தளபதிகள் படிக்கிறார்கள். அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக இயங்கிவரும் கார்டைட் தொழிற்சாலை பீரங்கிக் குண்டுகளுக்கான வெடிமருந்தைத் தயாரிக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் இந்த மூன்றையும் நம்பி வாழ்கின்றன. ஆனாலும், படை எடுக்கும் முடிவுகளுக்கு யார் பொறுப்பு, தவறு நேர்ந்தால் யாரிடம் கேட்பது, வெளிநாட்டுக்குப் படையை அனுப்ப யாருக்கு அதிகாரம் என்று கேட்டால், இராணுவத்துக்கு அருகிலேயே வாழும் நம்மில் பலருக்கும் தெளிவான விடை தெரிவதில்லை. இராணுவத்தைப் பற்றிக் கேள்வி கேட்பதே சிப்பாயை அவமதிப்பது என்ற தயக்கமும் பலரிடம் உண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது. சிப்பாயின் நலனுக்கே அது எதிரானது என்பது என் உறுதியான எண்ணம்.

பொறுப்புக்கூறல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். அதிகாரத்தைப் பயன்படுத்துகிறவர், அதை ஏன், எப்படிப் பயன்படுத்தினார் என்பதை அதைக் கொடுத்தவரிடம் விளக்க வேண்டும். அந்த விளக்கம் போதாது எனில் அதன் விளைவையும் ஏற்க வேண்டும். படையைப் பொறுத்தவரை அரசியலமைப்புச் சட்டம் இந்தச் சங்கிலியைத் தெளிவாகவே அமைத்திருக்கிறது. 53(2) பிரிவின்படி பாதுகாப்புப் படைகளின் உச்ச தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது. ஆனால் அந்தத் தலைமையைச் செலுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 74ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். 75(3) பிரிவின்படி அந்த அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. ஆகவே, தளபதிகள் அமைச்சருக்கும், அமைச்சர் மக்களவைக்கும், மக்களவை வாக்காளருக்கும் பதில் சொல்கிறார்கள். இந்த வரிசையில் தளபதி நேரடியாக மக்களிடம் வந்து தன் செயலை நியாயப்படுத்துவதற்கு இடமில்லை. அதே காரணத்தால், அமைச்சர் தளபதியின் சீருடைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதற்கும் இடமில்லை.

இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. பாதுகாப்பு, முப்படைகள், படையினர் தங்கும் கன்டோன்மென்ட் பகுதிகள் ஆகியவை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளவை. வெலிங்டன் கன்டோன்மென்ட் பற்றியோ படைக் கொள்கை பற்றியோ சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிட்டால், மேலே அனுப்பிவைப்பதைத் தவிர அவர்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது. கேள்வி போய்ச் சேர வேண்டிய இடம் நாடாளுமன்ற உறுப்பினர். முன்னாள் படைவீரர் நலன் மட்டும் மாநில அரசும் பங்கேற்கும் பணி என்பதால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு விபத்தும் மூன்று பதில்களும்

இந்தச் சங்கிலி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை நீலகிரி மறக்க முடியாத ஒரு நிகழ்வைக் கொண்டே பார்க்கலாம். 2021 டிசம்பர் 8 அன்று, நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், காட்டேரிக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தார்கள்; வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் முதலில் சிகிச்சை பெற்ற குரூப் கேப்டன் வருண் சிங் டிசம்பர் 15 அன்று உயிரிழந்தார். முதலில் ஓடிவந்து உதவியவர்கள் அந்தக் குடியிருப்பின் மக்கள்.

மறுநாள், டிசம்பர் 9 அன்று, பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை அளித்தார். ஹெலிகாப்டர் 11.48 மணிக்குப் புறப்பட்டது, 12.08 மணியளவில் சூலூர் கட்டுப்பாட்டு மையத்துடன் தொடர்பு அறுந்தது, ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையில் முப்படை விசாரணை தொடங்கிவிட்டது ஆகிய விவரங்கள் அதில் இருந்தன. அது முதல் பதில். 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட முதற்கட்ட முடிவு இரண்டாவது பதில்: இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ காரணமல்ல, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, அதனால் விமானி திசையும் நிலையும் உணர முடியாமல் போனார் என்று அது கூறியது. மூன்றாவது பதில் வருவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டபோது, 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் நடந்த 34 விமானப்படை விபத்துகளின் பட்டியல் அதில் இருந்தது. குன்னூர் விபத்துக்கு நேரே, விமானக் குழுவினரின் மனிதப் பிழை என்று காரணம் குறிக்கப்பட்டிருந்தது.

அலட்சியம் இல்லை என்ற இரண்டாவது பதிலும் மனிதப் பிழை என்ற மூன்றாவது பதிலும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று சொல்லிவிட முடியாது. மூடுபனிக்குள் திசையுணர்வை இழந்த ஒருவர் எந்த அலட்சியமும் இல்லாமலேயே பிழை செய்யக்கூடும். ஆனால் அந்த வேறுபாட்டை இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் நாட்டுக்கும் விளக்க வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. டிசம்பர் மாதத்து நண்பகலில் இந்தப் பள்ளத்தாக்குகளில் மேகம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிவர். அப்படியிருக்க, அந்தப் பயணத்துக்கான வானிலைத் தகவல் எப்படிப் பெறப்பட்டது, அந்த விபத்துக்குப் பின் மலைப்பகுதிப் பறத்தலுக்கான நடைமுறைகளில் என்ன மாறியது என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்பதால் எந்த விமானியின் பெருமையும் குறைந்துவிடாது. பின்வரும் விமானி பிழைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அது கேட்கப்படுகிறது.

பணத்தின் வழியே வரும் கட்டுப்பாடு

நாடாளுமன்றத்தின் கையில் உள்ள வலுவான கருவி பணம். 2025-26ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாய், அதில் 1.60 லட்சம் கோடி ஓய்வூதியத்துக்கானது. துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு முன்வைக்கும் மானியக் கோரிக்கைகளை மக்களவை ஏற்காமல் இதில் பெரும்பகுதியைச் செலவிட முடியாது. ஆனால் நடைமுறை இந்த உயர்ந்த ஏற்பாட்டுக்கு ஈடுகொடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரம் போதாமல், விவாதமே இல்லாமல், பல துறைகளின் கோரிக்கைகளை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடும் வழக்கம் மக்களவையில் உண்டு. 2018 மார்ச்சில் பாதுகாப்பு உட்பட ஒட்டுமொத்த நிதிநிலை அறிக்கையும் அவ்வாறே விவாதமின்றி நிறைவேறியது.

அவையில் நடக்காத ஆய்வு ஓரளவு குழுக்களில் நடக்கிறது. 1993இல் தொடங்கிய நிலைக்குழு முறையில், பாதுகாப்புத் துறைக்கென மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. கட்சி வேறுபாடு ஓரளவு தணிந்து, மூடிய அறையில், தளபதிகளையும் செயலாளர்களையும் நேரில் அழைத்து விசாரிக்கும் இடம் இது. பொதுமேடையில் அரசின் கொள்கையை விமர்சிக்க முடியாத ஓர் அதிகாரி, இந்தக் குழுவின் முன் உண்மையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். 2018இல் அப்போதைய இராணுவத் துணைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த், இராணுவத் தளவாடங்களில் 68 விழுக்காடு பழமையானவை என்றும், ஒதுக்கப்பட்ட நிதி போதாது என்றும் இந்தக் குழுவிடமே தெரிவித்தார். குழுவின் அறிக்கை வழியாகத்தான் நாட்டுக்கு அது தெரியவந்தது. குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தமாட்டா. ஆயினும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையை அரசு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்; ஏற்கவில்லை எனில் ஏன் என்று சொல்ல வேண்டும்.

செலவான பிறகு கணக்குப் பார்ப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவருடைய அறிக்கையை, 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தலைமை தாங்கிவரும் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை ஒன்று, சியாச்சின் போன்ற உயர்மலைப் பகுதிகளில் நிற்கும் சிப்பாய்களுக்கான குளிர் உடைகளும் பனிக்கண்ணாடிகளும் உரிய காலத்தில் வாங்கப்படவில்லை என்றும், அவர்களுக்கு வேண்டிய சத்துள்ள உணவின் அளவு குறைந்தது என்றும் குறிப்பிட்டது. அது சில ஆண்டுகளுக்கு முந்தைய நிலை, இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று இராணுவத் தலைமை விளக்கியது. விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தை வரவழைத்தது தணிக்கைதான். பனியில் நிற்கும் சிப்பாய் தன் காலணி சரியில்லை என்று பத்திரிகைக்கு எழுத முடியாது. அவருக்காக அதை எழுதியவர் ஒரு தணிக்கை அலுவலர்.

அருவங்காட்டுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் ஆயுதத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு, அதன் ஆலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கார்டைட் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், அந்த ஆண்டிலேயே வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் சட்டமும் இயற்றப்பட்டது. ஆலை நிறுவனமாகிவிட்டதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அது முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம்; தணிக்கையாளரின் பார்வையும் அமைச்சரின் பதில் சொல்லும் கடமையும் அப்படியே தொடர்கின்றன.

சீருடைக்குள் இருக்கும் மனிதர்

படைவீரர்களின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், சிப்பாய் சங்கம் சேர்வதையும், அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்வதையும், பத்திரிகையுடன் பேசுவதையும் கட்டுப்படுத்த வழிசெய்கிறது. கட்டுப்பாடு குலையாத படைக்கு இது தேவை என்பதை ஏற்கலாம். ஆனால் ஒருவரின் வாயை அடைக்கும் அரசு, அவர் குறையைக் கேட்க வேறு வழியைத் திறந்து வைத்தாக வேண்டும். மேலதிகாரியிடம் முறையிடும் உரிமை அதே சட்டத்தில் உள்ளது. அதற்கு அடுத்த படி, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2009இல் செயல்படத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பதவி உயர்வு, ஓய்வூதியம், இராணுவ நீதிமன்றத் தண்டனை போன்றவற்றை அது விசாரிக்கிறது. நீலகிரியில் ஓய்வுபெற்று வாழ்பவர்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அதன் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தீர்ப்பாயத்தின் முடிவுகளை உயர் நீதிமன்றம் ஆராயும் அதிகாரம் பறிபோய்விடவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது.

நீதிமன்றங்கள் எதுவரை தலையிடும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். சென்னை பரங்கிமலையில் 1992 முதல் பெண் அதிகாரிகள் பயிற்சி பெற்று வந்தாலும், பெரும்பாலான பிரிவுகளில் அவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்த்து, அரசை மாற்றச் செய்தது. மாறாக, 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தை எதிர்த்த வழக்குகளில், அது அரசின் கொள்கை முடிவு என்று கூறி டெல்லி உயர் நீதிமன்றமும், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தன. நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் நூற்றுக்கு 25 பேருக்கு மட்டுமே நீடிப்பு என்று ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே மாற்றிய அந்தத் திட்டம், நாடாளுமன்றத்தில் சட்டமுன்வரைவாக வரவில்லை; அமைச்சரவையின் முடிவாகவே வந்தது. இது சட்டப்படி செல்லும். ஆனாலும், படை வேலையை நம்பி ஆண்டுக்கணக்கில் ஓடிப் பழகிய இளைஞர்களின் கேள்விகள் அறிவிப்புக்கு முன்பே அவையில் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

மக்கள் தாமே ஒரு கொள்கையை நகர்த்திய வரலாறும் இருக்கிறது. எப்போது ஓய்வுபெற்றிருந்தாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே ஓய்வூதியம் என்ற முன்னாள் வீரர்களின் கோரிக்கை, மாநிலங்களவையின் மனுக்கள் குழுவுக்கு ஒரு மனுவாகச் சென்றது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2011இல் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. 2015இல் அரசு அதை அறிவித்து, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டுச் செயல்படுத்தியது.

கடினமான பகுதி ஒன்று எஞ்சியிருக்கிறது. கலவரப் பகுதிகளில் படைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், படைவீரர்மீது வழக்குத் தொடர ஒன்றிய அரசின் முன்அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் முழுமையான பாதுகாப்புக் கவசம் ஆகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 2021 டிசம்பர் 4 அன்று, குன்னூர் விபத்துக்கு நான்கு நாள் முன்பு, நாகாலாந்தின் ஓட்டிங்கில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வில் மாநிலக் காவல்துறை 30 வீரர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், ஒன்றிய அரசு அனுமதி மறுத்ததால் 2024இல் குற்ற வழக்கு முடித்துவைக்கப்பட்டது. அனுமதி மறுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கலாம். மறுத்ததன் காரணத்தை இறந்தவர்களின் உறவினர்களுக்குச் சொல்லும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வர வேண்டும்.

எல்லைக்கு அப்பால்

வெளிநாட்டுக்குப் படையை அனுப்பும்போதுதான் இந்தச் சங்கிலி மிகவும் தளர்ந்திருக்கிறது. இந்தியாவில் படையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பிரதமர் தலைமையிலான பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முடிவெடுத்தால் போதும். ஜெர்மனியில் பொதுவாக நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகே ஆயுதமேந்திய படை வெளிநாடு செல்ல முடியும். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானப்படி, படையை மோதலில் ஈடுபடுத்தினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் எழுதப்பட்ட சட்டம் இல்லை என்றாலும், 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதல் தீர்மானம் 272க்கு எதிராக 285 வாக்குகளில் தோற்றபோது, அரசு அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டது.

நமக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து இந்திய அமைதிப்படை இலங்கைக்குச் சென்றது. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரிடத் தொடங்கியது. ஒரு படையின் பணி இப்படி அடியோடு மாறியபோது, அந்த மாற்றத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாக்கெடுப்பு மூலம் பெறப்படவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர், பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மறுபக்கத்தில், 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது; மதராஸ் ரெஜிமென்டின் வீடும் இதுவே. இரு தரப்புத் துயரமும் ஒரே மலையில் வந்து சேர்ந்திருக்கிறது. திரும்பிய படையை வரவேற்க அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அது ஒரு மாநிலத்தின் கருத்து வெளிப்பாடு. படையை அனுப்பியதற்கும் வழிநடத்தியதற்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் டெல்லிதான். என்ன நோக்கத்துடன் அனுப்பினோம், அந்த நோக்கம் எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பதை முழுமையாக ஆராய்ந்து நாட்டின் முன் வைக்கும் கடமை இன்னும் நிறைவேறவில்லை.

மாறான எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2003இல் ஈராக்குக்கு இந்தியப் படையை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டது. அந்த ஏப்ரலில் மக்களவை ஈராக் போருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஜூலை 14 அன்று அமைச்சரவைக் குழு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் படை அனுப்ப இயலாது என்று முடிவு செய்தது. மக்களவை அரசைக் கட்டுப்படுத்தவில்லை, ஆனால் அது முன்பே பேசியிருந்தது, அரசு அந்தக் கருத்தைப் புறந்தள்ளவில்லை. ஐ.நா. அமைதிப் பணிகளில் இன்றும் நம் வீரர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒருவர் குற்றம் செய்தால் அவரைத் தண்டிப்பது ஐ.நா. அல்ல; நம் இராணுவச் சட்டம் அவரைத் தொடர்ந்து செல்கிறது. ஆகவே அந்தப் பொறுப்பும் நம் அமைச்சரிடமே வந்து சேர்கிறது.

இரகசியம் என்ற காரணம்

கேள்விகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், தேசப் பாதுகாப்பு கருதி விவரம் தர இயலாது என்பது. சில விவரங்களுக்கு அது உண்மையிலேயே பொருந்தும். எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் எல்லை எங்கே என்பதை இரண்டு போர்களை ஒப்பிட்டால் விளங்கிக்கொள்ளலாம். 1962 சீனப் போரின் தோல்விக்குப் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலகினார். ஆனால் தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ்-பகத் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. 1999 கார்கில் போர் முடிந்த சில நாள்களிலேயே, திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. 2000 பிப்ரவரியில், சில பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டு, அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. முப்படைகளுக்கும் ஒரே தலைமை ஆலோசகர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 2020 ஜனவரியில் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றது வரை நீண்ட சீர்திருத்தம் அந்த ஆய்விலிருந்தே தொடங்கியது. வெளியிட்டதால் படை பலவீனப்படவில்லை, வலுப்பட்டது.

குடிமக்கள் கையில் உள்ள வழிகள் எளியவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற அமைப்புகள் உள்ளனவே தவிர, தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் அதில் இல்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலை மட்டும் 8(1)(அ) பிரிவின்கீழ் மறுப்பார்கள், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். கொள்கை குறித்த கேள்வியைத் தொகுதியின் மக்களவை உறுப்பினரிடம் எழுத்தில் கொடுப்பது அதைவிடப் பயன் தரும். பதினைந்து நாள் முன்னறிவிப்புடன் அவர் அதை அவைக்கு அனுப்பினால், ஏற்கப்படும் கேள்விக்கு அமைச்சர் அவையிலோ எழுத்திலோ பதில் தந்தாக வேண்டும். கேள்வி குறுகியதாகவும், ஆண்டையும் திட்டத்தையும் பெயரிட்டுக் கேட்பதாகவும் இருக்கட்டும். பதில் மக்களவையின் இணையதளத்தில் யாரும் படிக்கும்படி வெளியாகும். அதில் எது விடுபட்டிருக்கிறதோ, அதையே அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியாக எழுதிக் கொடுக்கலாம்.